நான்கரைச் சுற்று மலினின்... மிலானில் இவரை மடக்க யார் இருக்கிறார்கள்?

2025 மார்ச் மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் பிரிவின் முடிவுப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு, முதலிடம் பிடித்தவரும் இரண்டாமிடம் பிடித்தவரும் ஒரே போட்டியில்தான் ஆடினார்களா என்ற சந்தேகமே வந்திருக்கும். தங்கம் வென்ற அமெரிக்காவின் இலியா மலினின் எடுத்தது 318.56 புள்ளிகள். வெள்ளி வென்ற கஜகஸ்தானின் மிகைல் ஷைதோரோவ் எடுத்தது 287.47. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது. அதில் 31 புள்ளி இடைவெளி!

அதுவும் மலினின் திட்டமிட்டபடி எல்லாம் நடந்துவிடவில்லை. கடைசிச் சுற்றில் ஏழு குவாட் ஜம்ப் போடுவதாக இருந்தார். ஒன்று கைநழுவியது. மீதி ஆறிலேயே மற்றவர்களுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்.

2025-ல் புதிய சீசன் தொடங்கியது. இது சாதாரண சீசன் அல்ல. 2026 பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரில் குளிர்கால ஒலிம்பிக். பிப்ரவரி 10-ல் ஆண்களுக்கான ஷார்ட் புரோகிராம், 13-ல் ஃப்ரீ ஸ்கேட். மொத்தம் 29 பேருக்குத்தான் இடம். ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். நான்கு வருட உழைப்பு, இரண்டு நாளில் சேர்த்து ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

தங்கம் மலினினுக்குத்தான் என்று பலரும் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால், இந்த விளையாட்டின் வரலாறு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவதில்லை.

அம்மா வழி வந்த பெயர்

சீசன் தொடங்கியபோது மலினினுக்கு வயது 20. பிறந்தது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். அம்மா தாத்யானா மலினினா, அப்பா ரோமன் ஸ்கோர்னியாகோவ் இருவருமே உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் ஆடிய ஸ்கேட்டர்கள். 1999-ல் முதல்முறையாக நடந்த நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் தங்கம் தாத்யானாவுக்குத்தான். ஸ்கோர்னியாகோவ் என்ற பெயர் மற்றவர்கள் வாயில் நுழையாது என்று, மகனுக்கு அம்மாவின் குடும்பப் பெயரை வைத்தார்கள். இன்று மகனுக்குப் பயிற்சி தருவதும் அந்த இருவர்தான். வீட்டில் அப்பா, அம்மா. ஐஸ் தளத்துக்குப் போனால் கோச், கோச். பாவம், பையன் எங்கேதான் போய்ப் புலம்புவான்!

இன்ஸ்டாகிராமில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'குவாட் காட்'. குவாட்களின் கடவுள். முதலில் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 2022 செப்டம்பர் 14 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் நடந்த போட்டிக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அன்றுதான் குவாட் ஆக்ஸல் என்ற தாவலை, போட்டியில் முதன்முதலாக ஒரு மனிதர் சுத்தமாக முடித்தார். அப்போது அவருக்கு வயது 17.

அதென்ன அவ்வளவு பெரிய விஷயம்? ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆறு வகைத் தாவல்கள் உண்டு. ஐந்தில் ஸ்கேட்டர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வந்து எம்புவார். ஆக்ஸலில் மட்டும் முன்பக்கமாக எம்ப வேண்டும். ஆனால் இறங்குவது எப்போதுமே பின்பக்கமாகத்தான். அதனால் ஆக்ஸலுக்கு மட்டும் அரைச் சுற்று கூடுதல். குவாட் என்றால் நான்கு சுற்று, குவாட் ஆக்ஸல் என்றால் நான்கரை. ஒரு விநாடிகூட நிறையாத நேரத்தில் காற்றில் நான்கரை முறை சுழன்று, ஒற்றைக் காலில், ஒரு மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் இறங்க வேண்டும்.

நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் 1882-ல் ஒன்றரைச் சுற்று சுற்றியதில் தொடங்கிய கதை இது. இரண்டரைக்கு வர 1948 ஆனது. மூன்றரைக்கு 1978. நான்கரைக்கு 2022. ஜப்பானின் யுசுரு ஹன்யு, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற மகா கலைஞர், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதை முயன்று விழுந்தார். அவர் அந்த ஆண்டு போட்டிகளிலிருந்து விலகிய இரண்டே மாதத்தில், அமெரிக்காவில் ஒரு பள்ளி வயதுப் பையன் அதைச் செய்து முடித்துவிட்டான்.

அந்த பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே மலினின் போயிருக்க வேண்டியவர். 2022 ஜனவரியில் அமெரிக்க தேசியப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார். அணியில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. தேர்வுக்குழு, அனுபவம் போதாது என்று அவரைத் தவிர்த்துவிட்டு, மூன்றாவதும் நான்காவதும் வந்தவர்களை அனுப்பியது. ஆக, இரண்டு முறை உலக சாம்பியனான பிறகும் இந்த இளைஞர் 2025 வரை ஒலிம்பிக் ஐஸில் கால் வைத்ததே இல்லை.

விழுந்தால் என்ன கணக்கு?

மலினினை வெல்ல முடியுமா என்பதற்கு விடை உணர்ச்சியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. குவாட் ஆக்ஸலுக்கு 12.50. குவாட் லட்ஸுக்கு 11.50. டிரிபிள் ஆக்ஸலுக்கு 8.00. இதற்கு மேல் நடுவர்கள் தரத்தைப் பார்த்து மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை போடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் 10 சதவிகிதம் கூடும் அல்லது குறையும்.

ஒருவர் குவாட் ஆக்ஸல் போட்டு, முழுதாகச் சுற்றிவிட்டு விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.50-ல் பாதி போய்விடும். விழுந்ததற்காக இன்னும் ஒரு புள்ளி கழியும். கையில் மிஞ்சுவது 5.25. இன்னொருவர் அடக்கமாக டிரிபிள் ஆக்ஸல் போட்டு நடுவர்களிடம் பிளஸ் 3 வாங்குகிறார். அவருக்கு 10.40. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இதைவிட மோசமானது, காற்றில் உடல் விரிந்துபோய் நான்கு சுற்று ஒரு சுற்றாகச் சுருங்குவது. 11.50 வாங்கித் தர வேண்டிய லட்ஸ் வெறும் 0.60 ஆகிவிடும். விழுந்தால்கூடப் பாதியாவது கிடைக்கும். இதில் எதுவுமே கிடைக்காது.

ஏழு குவாட் என்பது மலினினின் பலம். ஏழு இடத்தில் இப்படி நடக்கலாம் என்பது அவருடைய ஆபத்து. 2024 டிசம்பரில் பிரான்ஸின் கிரெனோபிளில் நடந்த கிராண்ட் பிரீ ஃபைனலில் ஆறு வகைக் குவாட்களையும் ஒரே புரோகிராமில் முயன்றார். எல்லாம் சுத்தமாக அமையவில்லை. ஆனாலும் ஜெயித்தார். இரண்டு மூன்று தவறு வரை தாங்கும் அளவுக்கு முன்னிலை அவரிடம் இருக்கிறது. நான்கு, ஐந்து என்றால்?

அப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் 2018-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த சீசனில் தோல்வியே காணாமல் பியோங்சாங் ஒலிம்பிக்குக்குப் போனார் அமெரிக்காவின் நேதன் சென். ஷார்ட் புரோகிராமில் தடுமாறி 17-வது இடத்துக்குப் போய்விட்டார். ஃப்ரீ ஸ்கேட்டில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தும் ஐந்தாமிடம்தான் கிடைத்தது. தங்கத்துக்கு இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கனடாவின் கர்ட் பிரவுனிங் கதை இன்னும் சோகம். போட்டியில் முதல் குவாட் போட்ட மனிதர், நான்கு முறை உலக சாம்பியன். மூன்று ஒலிம்பிக் போயும் ஒரு வெண்கலம்கூட இல்லை.

அப்பாவும் மகனும்

மலினினுக்கு நேர் எதிர்க் குணம் கொண்டவர் ஜப்பானின் யூமா காகியாமா. 2025-ல் வயது 22. அவரது ஐஸில் சத்தமே கேட்காது. முழங்கால் வெண்ணெய் மாதிரி மடங்கும். தாவி இறங்கும்போது வேகம் குறையாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போவார். குவாட் எண்ணிக்கையில் மலினினுக்குப் பக்கத்தில் வர முடியாதவர், தாவலின் தரத்திலும் கலைப் புள்ளியிலும் அதை ஈடுகட்டப் பார்ப்பார்.

அப்பா மசகாசு காகியாமா 1992, 1994 ஒலிம்பிக்கில் ஆடியவர். மகனுக்கு அவர்தான் முதல் கோச். 2018-ல் அப்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. மகனுக்கு அப்போது 15 வயது. மெல்ல மீண்டு வந்து மறுபடியும் ஐஸ் ஓரத்தில் நின்றார் அப்பா. நான்கே வருடத்தில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மகன் வெள்ளி வாங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான்.

பிறகு கணுக்கால் காயத்தில் காகியாமாவின் ஒரு சீசன் கிட்டத்தட்ட முழுதாகவே போனது. திரும்பி வந்தபோது கூடவே இன்னொரு கோச்சும் வந்தார். இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர், 2012 உலக சாம்பியன். நளினம் என்றால் என்ன என்று கேட்டால் ஸ்கேட்டிங் ரசிகர்கள் கைகாட்டும் ஆள். 2026 ஒலிம்பிக்கும் அவருடைய நாட்டில்தான்.

காகியாமாவின் பிரச்னை வேறு. பாஸ்டனில் ஷார்ட் புரோகிராம் முடிந்தபோது மலினினுக்கும் அவருக்கும் இடையில் 3 புள்ளி சொச்சம்தான். ஃப்ரீ ஸ்கேட் முடிந்தபோது அது 40 ஆகியிருந்தது. ஒரு தாவல் தவறினால் அடுத்ததும் தவறுகிறது. 2025 வரை உலகப் போட்டிகளில் மூன்று வெள்ளி, ஒரு வெண்கலம். தங்கம் மட்டும் இல்லை.

2025-26 சீசனில் ஃப்ரீ ஸ்கேட்டுக்கு அவர் எடுத்த இசை புச்சினியின் 'துரந்தோ'. அந்த ஓபரா முதன்முதலில் மேடையேறியது மிலானின் லா ஸ்காலா அரங்கில், 1926-ல். சரியாக நூறு வருடம். அதுமட்டுமல்ல, 2006-ல் இதே இத்தாலியில், டூரின் ஒலிம்பிக்கில் ஜப்பானின் ஷிசுகா அரகாவா தங்கம் வென்றதும் இதே இசைக்குத்தான். செண்டிமென்ட் பார்ப்பதில் நம்மைவிட ஜப்பானியர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை போலிருக்கிறது!

காகியாமா தடுமாறினால் கை கொடுக்க ஷுன் சாட்டோ, காவோ மியூரா என்று ஜப்பானில் இன்னும் ஆட்கள் உண்டு. சாட்டோவின் குவாட் லட்ஸ் அழகாக இருக்கும். ஆனால் ஒலிம்பிக் அணியில் இடம் பிடிக்க அவர்கள் முதலில் டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியைத் தாண்ட வேண்டியிருந்தது. அது ஒலிம்பிக்கைவிடக் கடினம் என்றாலும் தப்பில்லை.

அல்மாட்டியிலிருந்து ஒருவர்

2025-ல் யாரும் அதிகம் பேசாத பெயர் மிகைல் ஷைதோரோவ். அப்போது வயது 21. ஊர் கஜகஸ்தானின் அல்மாட்டி. அவரது கோச் அலெக்ஸி உர்மானோவ், 1994 ஒலிம்பிக் சாம்பியன். பெரிய ஸ்கேட்டிங் நாடுகளின் வசதி எதுவும் அவருக்கு இல்லை. கஜகஸ்தானில் அவருக்கு முன்னால் இந்த விளையாட்டில் ஒரு பெரிய பெயர் இருந்தது: டெனிஸ் டென். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். 2018 ஜூலையில் அல்மாட்டி தெருவில் தன் காரின் கண்ணாடியைத் திருட வந்தவர்களைத் தடுக்கப் போய்க் கத்திக்குத்தில் இறந்தார். வயது 25.

ஷைதோரோவுக்கு அப்போது 14 வயது. ஏழு வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில் சியோலில் நான்கு கண்டங்கள் சாம்பியன், மார்ச்சில் உலக வெள்ளி. டிரிபிள் ஆக்ஸல் போட்டு, இடையில் ஒரு சின்னத் துள்ளல் வைத்து, அதே மூச்சில் குவாட் சால்கோ போடுவது இவருடைய தனி முத்திரை. போட்டியில் அதை முதலில் செய்து காட்டியவரும் இவர்தான். பொதுவாகத் தொடரின் கடைசித் தாவல் சுலபமானதாக இருக்கும். இவர் கடினமானதைக் கடைசியில் வைக்கிறார்.

பலவீனம், ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறி இறங்குவது. நல்ல நாளில் அவர் யாரையும் தள்ளிவிடுவார். அந்த நல்ல நாள் பிப்ரவரி 13-ஆக இருக்குமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. எதிர்பார்ப்பின் சுமை முழுவதும் மலினின் தோளில் இருந்ததும் இவருக்கு வசதிதான்.

நான்காவது இடத்திலேயே நின்றவர்

பதக்கக் கணக்கில் பெயரே வராத ஒருவரைத்தான் 2025-26 சீசனில் அமெரிக்க ரசிகர்கள் அதிகம் கவனித்தார்கள். மாக்ஸிம் நவுமோவ், சீசன் தொடங்கியபோது வயது 24.

2025 ஜனவரியில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் அமெரிக்க தேசியப் போட்டி நடந்தது. நவுமோவ் நான்காமிடம். 2023-லும் நான்காமிடம், 2024-லும் நான்காமிடம். மூன்று வருடமும் உலகப் போட்டி அணிக்கு ஒரு படி வெளியே. போட்டி முடிந்து அவர் முன்னதாகவே வீடு திரும்பிவிட்டார். அவரது பெற்றோர் இளம் ஸ்கேட்டர்களுக்கான பயிற்சி முகாமுக்காக அங்கேயே தங்கினார்கள். அப்பா வாடிம் நவுமோவ், அம்மா எவ்கேனியா ஷிஷ்கோவா. 1994-ல் ஜோடிப் பிரிவில் உலக சாம்பியன்கள். மகனுக்குப் பயிற்சியாளர்களும் அவர்களே.

ஜனவரி 29 இரவு, விச்சிட்டாவிலிருந்து வந்த விமானம் வாஷிங்டனில் தரையிறங்கும் நேரத்தில் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி ஆற்றில் விழுந்தது. 67 பேரும் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். முகாமிலிருந்து திரும்பிய சிறுவர் சிறுமியர், அவர்களின் பெற்றோர், பயிற்சியாளர்கள். நவுமோவின் அப்பாவும் அம்மாவும் அதில் இருந்தார்கள். பாஸ்டனில் அவர்கள் சார்ந்திருந்த கிளப் மட்டும் ஆறு பேரை இழந்தது. இரண்டே மாதத்தில் அதே பாஸ்டனில் உலகப் போட்டி நடந்தது.

மார்ச் 2-ம் தேதி வாஷிங்டனில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் நவுமோவ் ஐஸில் இறங்கினார். ஆடி முடித்ததும் மண்டியிட்டு அழுதார். அரங்கமே எழுந்து நின்றது. அதன்பிறகு இனி ஆட வேண்டுமா என்ற கேள்வியோடு சில மாதம் போனது. ஆடுவது என்று முடிவெடுத்தார். கூடவே, பெற்றோர் நடத்திவந்த குழந்தைகள் பயிற்சி வகுப்பையும் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாவோடு கடைசியாகப் பேசியதே ஒலிம்பிக் அணிக்குள் நுழைய என்னென்ன மாற்ற வேண்டும் என்பதைப் பற்றித்தான் என்று பின்னர் அவரே சொல்லியிருக்கிறார்.

பாஸ்டனில் மலினினும் ஜேசன் பிரவுனும் வாங்கிய இடங்களால் அமெரிக்காவுக்கு மூன்று ஆண்கள் இடம் கிடைத்தது. ஒன்று மலினினுக்கு என்பது எழுதப்படாத உண்மை. மீதி இரண்டுக்குத்தான் தள்ளுமுள்ளு. சீசன் தொடங்கியபோது பிரவுனுக்கு 30 வயது. குவாடே இல்லாமல், வெறும் சறுக்கலின் அழகை வைத்தே பெய்ஜிங்கில் ஆறாமிடம் வந்த அதிசய மனிதர். ஆண்ட்ரூ டோர்காஷேவிடம் குவாட் இருக்கிறது. அடுத்து நவுமோவ். 2026 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் தேசியப் போட்டியோடு அணி முடிவாகவிருந்தது. இந்த முறை நான்காமிடம் வந்தால் போதாது.

மற்றவர்கள்...

தென்கொரியாவின் சா ஜுன்-ஹ்வானை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2025 பிப்ரவரியில் ஹார்பின் ஆசிய குளிர்கால விளையாட்டில் காகியாமாவைத் தாண்டித் தங்கம் வென்றவர். இவருக்கு எதிரியே பூட்ஸ்தான்! காலுக்கு ஒத்துவராத பூட்ஸால் இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. இத்தாலியின் டேனியல் கிராஸ்ல், நிகோலாய் மெமோலா, மத்தேயோ ரிஸ்ஸோ மூவரில் அணியில் இடம்பெறுபவர்களுக்குச் சொந்த மண்ணின் கைதட்டல் இருக்கும். 2025 ஐரோப்பிய சாம்பியன் சுவிட்சர்லாந்தின் லூகாஸ் பிரிட்ஷ்கி பெரிய குவாட் வீரர் இல்லை, ஆனால் மற்றவர்கள் விழும் நாளில் நிற்பவர்.

ரஷ்யர்கள்? உக்ரைன் போருக்குப் பிறகு 2022 மார்ச் முதல் அவர்கள் சர்வதேசப் போட்டிகளில் இல்லாமல் இருந்தார்கள். 2026 ஒலிம்பிக்குக்கு ஒரு ஆணுக்கு மட்டும், கொடியும் கீதமும் இல்லாமல், நடுநிலை வீரராக வழி திறந்தது. 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த தகுதிப் போட்டியில் பியோத்ர் குமென்னிக் முதலிடம் பிடித்து இடத்தை உறுதி செய்துவிட்டார். குவாட்கள் அவரிடம் உண்டு. ஆனால் மூன்றரை வருடமாக சர்வதேச நடுவர்கள் பார்க்காத ஒருவருக்கு எவ்வளவு புள்ளி விழும் என்று கணிப்பது கஷ்டமாக இருந்தது.

அப்புறம் பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா. மொரீஷியஸிலிருந்து வந்த சீன வம்சாவளிக் குடும்பம். ஐஸில் பல்டி அடிப்பது 1970-களிலிருந்து தடை செய்யப்பட்டிருந்தது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் பிரான்ஸின் சூர்யா போனாலி தடையைப் பொருட்படுத்தாமல் அடித்துக் காட்டினார். அதே பாணியில் 2024-ல் புள்ளி கழிந்தாலும் பரவாயில்லை என்று பல்டி அடித்தவர் ஆடம். அதே ஆண்டு தடை நீக்கப்பட்டது. இப்போது மலினினும் அடிக்கிறார். அந்த 2024 உலகப் போட்டியில் ஆடம் ஷார்ட் புரோகிராமில் 19-வது இடத்தில் இருந்தார். முடிவில் கழுத்தில் வெண்கலம்!

கிராண்ட் பிரீ தொடர் 2025 அக்டோபர் 17-ல் தொடங்கியது. சீனா, கனடா, ஜப்பான், அமெரிக்கா, ஃபின்லாந்து என்று சுற்றி டிசம்பர் முதல் வாரம் ஜப்பானின் நகோயாவில் ஃபைனல். மிலான் நேரம் நமக்கு நான்கரை மணி பின்னால் (ஆம், இங்கேயும் நான்கரைதான்). அங்கே மாலை ஏழு என்றால் இங்கே இரவு பதினொன்றரை. 

இந்த சீசனுக்கு முன் மலினின் கடைசியாகத் தோற்றது 2023 நவம்பரில். பிரான்ஸின் அன்ஜே நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளியவர் இதே ஆடம் சியாவ் ஹிம் ஃபா. அதற்குப் பிறகு 2025-26 சீசனின் தொடக்கம்வரை அவருக்குத் தோல்வி இல்லை. 2025-26 சீசனின் முதல் கிராண்ட் பிரீயும் அன்ஜேவில்தான். இருவருமே களத்தில் இருந்தார்கள்.